பிள்ளைகள் தங்கள் தோலிலேயே ஏன் வரைகிறார்கள்?

மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் மூடி கழன்ற பேனா ஒன்று கிடந்தால், மாலைக்குள் அதன் முன்னங்கையில் நீலக் கோடுகள் வந்துவிடும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை என்றால் இடக்கையில். பிறகு தொடை, முழங்கால், சில நாள் வயிறு. தொப்புளைச் சுற்றி அநேகமாக ஒரு வட்டம் விழும். சுவரில் கிறுக்கியிருந்தால் உடனே திட்டியிருக்கும் அம்மா இதைப் பார்த்து, திட்டுவதா சிரிப்பதா என்று ஒரு கணம் தடுமாறுவார். பாட்டிக்கு அந்தத் தடுமாற்றமே கிடையாது. மை உடம்புக்குள் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே சோப்பை எடுத்து வந்துவிடுவார்.

இத்தனைக்கும் பக்கத்திலேயே வெள்ளைத்தாள் கிடக்கும். தாள் கிடைக்காததால்தான் பிள்ளை தோலில் வரைகிறது என்பது பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். தாளால் கொடுக்க முடியாத ஒன்றைத் தோல் கொடுக்கிறது. தன்மேல் வரையப்படுவதை உணரத் தெரிந்த ஒரே தாள் அதுதான். குழந்தை உளவியலில் தன்னுணர்வு, உடலுணர்வு என்று பேசப்படுகிற பெரிய விஷயங்களுக்குள் நுழைய இந்த நீலக் கோடுகள் நல்ல வாசல்.

முதலில் கிறுக்கலையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை வயதுக் குழந்தை கிறுக்கும்போது அதற்குப் படம் எதுவும் மனத்தில் இல்லை. அப்படியானால் அதற்கு என்ன இன்பம்? கையை அசைக்கிற இன்பம்தானா? 1968 இல் ஜேம்ஸ் கிப்சனும் பட்ரீசியா யோனாஸும் இதை மிக எளிதாகச் சோதித்தார்கள். நடை பழகிவிட்ட சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் தடம் பதிக்கும் எழுதுகோல் ஒன்றையும், அதே மாதிரி இருந்தும் தடமே பதிக்காத இன்னொன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். கை அசைவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் தடம் விழாத கோலுடன் கிறுக்குவது வெகுவாகக் குறைந்துபோனது. குழந்தைக்கு வேண்டியது தடம். தான் ஒன்று செய்ததும் உலகத்தில் ஏதோ மாறியது என்பதற்கான கண்கூடான சாட்சி.

தடம்தான் வேண்டும் என்றால் சுவர் போதும், தரை போதும். தோலில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. பேனா நுனி தோலில் ஓடும்போது மூளைக்கு ஒரே நேரத்தில் மூன்று செய்திகள் போகின்றன. வலக்கை தான் அசைவதைச் சொல்கிறது. இடக்கைத் தோல் தன்மேல் ஏதோ ஊர்வதைச் சொல்கிறது. கண், கோடு நீள்வதைச் சொல்கிறது. மூன்றும் நொடி பிசகாமல் ஒத்துப்போகின்றன. இப்படி ஒத்துப்போகும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான்: சொந்த உடம்பு.

தன் தொடுகைக்கும் பிறர் தொடுகைக்கும் உள்ள வேறுபாடு பச்சிளங்குழந்தைக்கே பிடிபடுகிறது. கன்னத்தில் எதுவாவது பட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பிப் பால் தேடுவது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். பிலிப் ரோஷா, சூசன் ஹெஸ்போஸ் இருவரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், வேறொருவர் விரல் பட்டபோது அந்தத் தேடல் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. தன் கையே தற்செயலாகக் கன்னத்தில் பட்டபோது குழந்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் பெயர் தெரியாத, கழுத்து நிற்காத பருவத்திலேயே ‘இது நான்’, ‘இது வேறு’ என்ற பிரிவின் ஒரு மெல்லிய தொடக்கம் இருக்கிறது.

வளர்ந்த பிறகும் இந்தப் பிரிவு வேலை செய்கிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கடைசியில் நண்டும் நரியும் அக்குள்வரை ஊர்ந்து போகும் அந்தப் பழைய விளையாட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டியின் விரல் முழங்கையைத் தாண்டும் முன்பே பிள்ளை சுருண்டு சிரிக்கும். அதே பிள்ளை அதே இடத்தில் தன் விரலையே ஓட்டினால் ஒன்றும் நடக்காது. நம் அசைவால் எங்கே என்ன உணர்வு வரப்போகிறது என்பதை மூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. இதில் சிறுமூளைக்குப் பங்கு இருப்பதை 1998 இல் லண்டன் ஆய்வாளர்கள் மூளைப் படங்களின் வழியே காட்டினார்கள். அக்கா உள்ளங்கையில் பூ வரைந்தால் நெளிகிற பிள்ளை, தானே வரையும்போது நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

அதே 1998 இல் அமெரிக்காவில் மேத்யூ பாட்வினிக்கும் ஜோனதன் கோஹனும் வெளியிட்ட ரப்பர் கை சோதனை இன்னும் விசித்திரமானது. ஒருவரின் கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டு, அவர் கண்முன் ஒரு ரப்பர் கையை வைக்கிறார்கள். மறைந்திருக்கும் உண்மைக் கையையும் எதிரே தெரியும் பொய்க் கையையும் தூரிகையால் ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் தடவுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானோருக்கு அந்த ரப்பர் கையே தம் கை என்று தோன்ற ஆரம்பிக்கிறது. கண் காண்பதும் தோல் உணர்வதும் ஒரே தாளத்தில் வந்தால், ‘இது என்னுடையது’ என்று மூளை முத்திரை குத்திவிடுகிறது. நான்கு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் டோரதி கௌவியும் அவர் குழுவினரும் 2013 இல் இதைச் செய்தபோது, தங்கள் கை இருக்கும் இடத்தைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகமாக ரப்பர் கையின் பக்கம் தள்ளிக் காட்டினார்கள். உடம்பின் எல்லையை அறிய அந்த வயதில் கண்ணைப் பெரிதும் நம்புகிறார்கள் என்று இதற்குப் பொருள்.

இனி அந்த முன்னங்கைக்குத் திரும்புவோம். கண்ணால் பார்த்துக்கொண்டே, தோலால் உணர்ந்துகொண்டே கோடு இழுக்கும் பிள்ளை, ஆய்வுக்கூடத்தில் தூரிகை செய்த வேலையைப் பேனாவை வைத்துத் தானே செய்துகொண்டிருக்கிறது. தோலில் வரைவதால் தன்னுணர்வு வளர்கிறது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. அந்த அளவுக்கு நானும் போகமாட்டேன். ஆனால் அந்த வயதில் பிள்ளைக்கு இது ஏன் இவ்வளவு தித்திக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தோலில் விழுந்த மையை வைத்தே ‘நான்’ என்ற உணர்வை அளந்த கதையும் உண்டு. 1970 இல் கோர்டன் கேலப் என்பவர், மயக்கத்தில் இருந்த சிம்பன்சிகளின் புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் பூசி, விழித்தபின் கண்ணாடியைக் காட்டினார். அவை கண்ணாடியைத் தொடாமல் தங்கள் புருவத்தையே தொட்டுப் பார்த்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து பெயூலா ஆம்ஸ்டர்டாம், 3 முதல் 24 மாதங்கள் வரையுள்ள 88 குழந்தைகளிடம் இதேபோன்ற சோதனையை வெளியிட்டார். குழந்தை அறியாமல் மூக்கில் கொஞ்சம் சிவப்பு வண்ணம் வைத்துவிடுவார்கள். சிறு குழந்தைகள் கண்ணாடியில் தெரிவது விளையாட வந்த இன்னொரு பாப்பா என்று நினைத்துச் சிரித்தன. இருபது மாதத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கையைத் தங்கள் மூக்குக்கே கொண்டுபோனார்கள்.

இந்தச் சோதனையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. முகத்தில் பொட்டு இருப்பது விசித்திரமானது, குழந்தை அதைத் துடைக்க நினைக்கும் என்று இது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. கன்னத்திலும் நெற்றியிலும் உள்ளங்காலிலும் கண்ணேறுக்காக மைப்பொட்டு வைக்கப்பட்டே வளரும் குழந்தைக்கு மூக்கில் இன்னொரு பொட்டு எம்மாத்திரம்? கென்யா உள்ளிட்ட சில நாடுகளின் குழந்தைகளிடம் சோதித்து 2011 இல் வெளியான ஆய்வில், கென்யப் பிள்ளைகளில் குறியைத் தொட்டவர்கள் மிகச் சிலரே. பலர் கண்ணாடி முன் அசையாமல் நின்றுவிட்டார்கள். தன்னைத் தெரியவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, சோதனை அந்தப் பண்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதே ஆய்வாளர்களின் கருத்து. பீரோக் கண்ணாடியில் அம்மா ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, சரியாகத் தன் நெற்றி நடுவில் ஒட்டிக்கொள்ளும் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் தனியாக வேண்டியதில்லை.

இரண்டு, மூன்று வயதில் தடம் போதும். நான்கு, ஐந்தில் அது ஏதாவது ஒன்றாக ஆக வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கையில் முதலில் உருவாகும் ‘பொருள்’ பெரும்பாலும் கைக்கடிகாரம்தான். பேனா பிடிக்கும் முன்பே மாமாவோ சித்தப்பாவோ மணிக்கட்டில் செல்லமாகக் கடித்து, பல்தடத்தில் வாட்ச் கட்டிவிட்டிருப்பார். பேனா கைக்கு வந்ததும் பிள்ளை தானே கட்டிக்கொள்கிறது. கோணலாக ஒரு வட்டம், இடம் கிடைத்தவரை எண்கள், இரண்டு முட்கள், இருபுறமும் பட்டை. பட்டை பெரும்பாலும் மணிக்கட்டின் அடிப்பக்கம்வரை போவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும்தான் கடிகாரம். ஸ்மார்ட் வாட்ச் பார்த்து வளரும் பிள்ளைகள் இப்போது சதுரம் வரைகிறார்கள்.

பிறகு யாராவது மணி கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, ‘நாலரை’ என்று மிகுந்த பொறுப்போடு பதில் வரும். முள் நகராது என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933 இல் லெனின்கிராட்டில் ஆற்றிய ஓர் உரையில், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைப் பற்றிப் பேசினார். குச்சியைப் பிடித்துக்கொண்டுதான் ‘குதிரை’ என்ற பொருளை உண்மைக் குதிரையிடமிருந்து குழந்தையால் பிரித்தெடுக்க முடிகிறது என்பது அவர் வாதம். எண்ணத்தில் மட்டும் குதிரையை வைத்திருக்க அந்த வயதில் இயலாது. ஏதாவது ஒரு பிடி வேண்டும். மைக் கடிகாரத்தில் அந்தப் பிடியே உடம்புதான். குச்சிக் குதிரையை மூலையில் சாத்திவிட்டுப் போகலாம். மணிக்கட்டில் வரைந்ததை அணிந்துகொண்டுதான் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். ஆகவே இந்தப் பாவனை நீண்ட நேரம் கலையாமல் நிற்கிறது.

ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று சில பிள்ளைகள் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கையில் புண் வரைந்து, அதன்மேல் பிளாஸ்திரியும் வரைவார்கள். பார்க்கிறவருக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் உடம்பில் வேறொருவர் என்னவோ செய்தார், அது பேசாமல் தாங்க வேண்டியிருந்தது. இப்போது பேனா அதன் கையில் இருக்கிறது. பட்டதைத் தான் செய்ததாக மாற்றிப் போட்டு விளையாடுவது குழந்தைகள் அச்சத்தைச் செரிக்கும் வழி என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

யாருக்காக வரைகிறது என்பதையும் கவனிக்கலாம். தொடையில் ஒரு பொம்மை வரைந்திருந்தால் அதன் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சிறு பிள்ளைகளிடம் பெரும்பாலும் முழங்கால் பக்கம் இருக்கும். எதிரே நிற்கும் நமக்குத் தலைகீழ், குனிந்து பார்க்கும் பிள்ளைக்கு நேர். காட்டுவதற்காக வரைந்த படம் இல்லை அது. வயது ஏற ஏறப் படம் பார்வையாளர் பக்கம் திரும்பத் தொடங்கும். ஏழெட்டு வயதில் ஒருவர் கையில் மற்றவர் வரைவார்கள், பதின்மூன்றில் தோழியின் பெயர் வெளியே தெரியும்படி எழுதப்படும். தோல் இப்போது அறிவிப்புப் பலகையாகிவிட்டது.

இதற்கெல்லாம் முன்மாதிரி யார் என்று கேட்டால் பெரியவர்கள் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். காலையில் திருநீறு, சந்தனம், குங்குமம். விசேஷத்துக்கு மருதாணி. ஞாயிற்றுக்கிழமை நகப்பூச்சு. கொள்ளுப்பாட்டியின் முன்னங்கையில் பச்சை குத்திய கோலம். மாறுவேடப் போட்டி வந்தால் ஐந்து வயதுப் பையனுக்கு மைப் பென்சிலால் பாரதியார் மீசை. தோல் என்பது வரைவதற்குரிய இடம் என்று வீடே ஆண்டு முழுவதும் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளை பேனாவை எடுத்ததும் அசிங்கம் என்று கத்துவது நியாயமில்லை. ‘நாங்கள் வரைவது அலங்காரம், நீ வரைவது அழுக்கு’ என்ற நுட்பமான வேறுபாடு ஐந்து வயதுக்கு விளங்காது. உண்மையைச் சொன்னால் ஐம்பது வயதிலும் அதை விளக்குவது சிரமம்.

பள்ளிக்கூடத்தில் காரணங்கள் மாறுகின்றன. வீட்டுப்பாடக் குறிப்பை உள்ளங்கையில் எழுதுவது நோட்டு தொலையும், கை தொலையாது என்ற நடைமுறை ஞானம். சலிப்பான பாடவேளையில் கட்டைவிரல் நகத்துக்குச் சிரித்த முகம் வரைவது வேறு வகை. கிறுக்கிக்கொண்டிருப்பவர் கவனிக்கவில்லை என்று ஆசிரியர்கள் நினைப்பது எப்போதும் சரியில்லை. பிரிட்டனில் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009 இல் வெளியிட்ட சோதனையில் 40 பேர் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே தாளில் கட்டங்களுக்கு நிழல் தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அது பெரியவர்களிடம், தாளில் செய்த சிறு சோதனை. ஆனாலும் மனம் வகுப்பைவிட்டு முழுவதுமாக ஓடிவிடாமல் இருக்கக் கைக்குச் சிறு வேலை உதவக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த நகச் சிரிப்பைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

பாட்டியின் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தோலின் மேற்பரப்பு உயிரற்ற செல்களாலான மிக மெல்லிய படலம். அது ஓயாமல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. பேனா மை அந்த மேற்படலத்தில்தான் தங்குகிறது, உதிரும் செல்களோடும் குளியலோடும் சில நாளில் போய்விடுகிறது. பச்சை குத்தும் ஊசி அதற்கும் கீழே உள்தோல்வரை மையை இறக்குவதால்தான் அது ஆயுளுக்கும் நிற்கிறது. பிள்ளைகளுக்கென்று விற்கும் ஸ்கெட்ச் பேனாக்களும் சாதாரணப் பந்துமுனைப் பேனாக்களும் நலமான தோலில் பட்டால் பயப்பட ஒன்றுமில்லை. புண்ணிலும், கண்ணருகிலும், உதட்டிலும் வேண்டாம். அழியாத மை மார்க்கரைக் கைக்கு எட்டாமல் வைப்பது நல்லது. மையைவிட மூடிதான் ஆபத்து. சின்னப் பிள்ளை விழுங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும். பேனா மூடிகளின் நுனியில் துளை விட்டிருப்பதே, சிக்கிக்கொண்டாலும் காற்று போகட்டும் என்பதற்காகத்தான்.

நாம் பாதுகாப்பானது என்று நம்பிக் கொடுக்கும் ஒன்றில்தான் உண்மையான கெடுதல் ஒளிந்திருக்கிறது. திருவிழாக் கடைகளில் கிடைக்கும் ‘கறுப்பு மருதாணி’யைச் சொல்கிறேன். மருதாணி இலை ஆரஞ்சிலிருந்து அடர்பழுப்புவரைதான் சிவக்கும், அதற்கும் சில மணி நேரம் பிடிக்கும். சட்டென்று கன்னங்கரேலென்று பிடிக்கிறதென்றால் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பாராபெனிலீன் டையமின் அதில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது தோலில் கொப்புளமும் தழும்பும் உண்டாக்கலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிற்காலத்தில் முடிச்சாயம் போட்டாலும் மீண்டும் கிளம்பும். பிள்ளையின் நீலப் பேனாவைப் பிடுங்கிய கையாலேயே இந்தக் கோனை வாங்கிக்கொடுப்பவர்கள் உண்டு.

எப்போது கவலைப்பட வேண்டும்? வரைவதற்கும் கீறுவதற்கும் உள்ள வேறுபாடுதான் முதல் அடையாளம். காம்பஸ் முள், பிளேடு, ஊக்கு போன்றவற்றால் தோலில் எழுதுவது வரைதல் ஆகாது. வெயில் கொளுத்தும் நாளிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, தன்னையே இழிவாகப் பேசும் சொற்களை உடம்பில் எழுதிக்கொள்வது, வரைந்ததை ரத்தம் கசியும்வரை தேய்ப்பது ஆகியவற்றையும் அலட்சியப்படுத்தக் கூடாது. இதில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் வரும் பதின்வயதினரிடம், அந்த நேரத்தில் சிவப்புப் பேனாவால் தோலில் கோடு போடும்படி சில ஆலோசகர்கள் சொல்வதுண்டு. அந்தக் கோடு கீறாமல் தப்பிக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். பார்த்ததும் அதட்டினால் அதுவும் மறைந்துபோகும். பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416 இல் எந்த நேரமும் பேசலாம். பிள்ளை வரையவில்லை, வேறொருவர் வரைந்தார், யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லிவைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அது முற்றிலும் வேறு விஷயம். அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

மற்றபடி இது அழித்தால் போகிற சமாச்சாரம். ஸ்கெட்ச் பேனா தண்ணீரிலேயே போகும். பந்துமுனைப் பேனா மை எண்ணெய் சார்ந்தது, எனவே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுச் சோப்புப் போட்டால் பெரும்பகுதி வந்துவிடும். அழியாத மையைப் பெரியவர் ஒருவர் சானிட்டைசர் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுக்கலாம், கண்ணருகில் மட்டும் கூடாது. மண்ணெண்ணெய், தின்னர் இரண்டும் வேண்டவே வேண்டாம். தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தால் மை போவதற்குள் தோல் போய்விடும்.